செஞ்சி மலையில் கொட்டிய பனி

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. உங்கள் மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, அப்போது பட்டாளத்தில் இருந்தார். சீனாக்காரனோடு சண்டை முடிந்த பிறகும் அவரை வடக்கே மலைமேலேயே வைத்திருந்தார்கள். கடுதாசி வரும். வந்தால் நாலு வரி, நான் நலம், உடம்பைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். அவன் எங்கே படுக்கிறான், என்ன தின்கிறான், அந்தக் குளிரை எப்படித் தாங்குகிறான், இது தெரியாமல் உங்கம்மாவுக்குச் சோறு இறங்காது.

அந்த நேரத்தில்தான் விழுப்புரத்தில் ஒரு பட்டாளத்துப் படம் போட்டார்கள். யார் எடுத்தது என்று சுவரொட்டியில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முன்பு எடுத்த படம் ஒன்று உண்டு. மழையில்லாத ஊரில் கிணறு வெட்டுகிற குடும்பத்தின் கதை. அதில் ஒருத்தி ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டுவாள். பார்த்துக்கொண்டிருந்த நமக்கே கண் எரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் திண்டிவனத்திலும் உங்கம்மா விழுப்புரத்திலும் பார்த்த படம். கல்யாணமான புதிதில் என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் வாயைத் திறந்துவிட்டது அந்த அடுப்புதான்.

"அவரு எடுத்தா அப்படியே இருக்கும்" என்றாள் உங்கம்மா. "என் தம்பி இருக்கிற எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாங்க."

நான் வேலை பார்த்த மண்டிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக வந்து குவிகிற காலம் அது. முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் பிடித்து விழுப்புரம் போனோம். பகலாட்டம். கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு தட்டி.

படத்தில் பட்டாளத்துக்காரர்கள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார்கள். வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். ஒருத்தரும் சாப்பிடவில்லை, ஒருத்தரும் தூங்கவில்லை. கடைசியில் எல்லை மலையைக் காட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள், மேலே பனிக்குப் பதிலாகப் பஞ்சு தூவியிருந்தது.

எனக்குப் பின்னால் ஒரு குரல் எழுந்தது. "இது நம்ம செஞ்சி மலைப்பா. சீனாக்காரன் இங்க எப்ப வந்தான்?"

"செஞ்சி பஸ்ஸு புடிச்சி வந்துக்கினு இருப்பான், இரு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கொட்டகையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். உங்கம்மா சிரிக்கவில்லை. இதற்கு மேலாவது உண்மையாக ஏதாவது வராதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் வணக்கம் போட்டுப் படம் முடியும்வரைக்கும் அப்படியேதான் இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள், அந்த டைரக்டருக்கு என்ன ஆச்சு என்று. ஒரு அடுப்புப் புகையை அப்படிக் காட்டத் தெரிந்த மனுஷன் ஏன் இப்படி எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுவருஷம் மாமா லீவில் வந்தார். உதடெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தது. அங்கே எப்படி இருக்கும் என்று உங்கம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "குளிரும்க்கா" என்பார். அதோடு சரி.

அதே படம் அப்போது திண்டிவனத்துக்கு வந்திருந்தது. பேஜாரு படம், வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. மூன்று பேரும் பகலாட்டத்துக்கே போனோம். பார்த்துவிட்டு வெயில் தாழ வீட்டுக்கு நடந்து வந்தோம். கொஞ்ச தூரம் வந்ததும் மாமா தனக்குத்தானே சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"படத்துல எல்லாரும் ஜல்தியா பட்டன் போட்டுக்கினு கெளம்புறாங்களே மாமா. அங்க வெரலு மரத்துப் போயிடும். நம்ம பட்டன நம்மளால போட முடியாது. ஒருத்தனுக்கு ஒருத்தன் போட்டு வுடுவோம்."

உங்கம்மா ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

அந்தப் படத்தில் இருந்த தப்பு ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல, அவர் வாயிலிருந்து எல்லாமே வந்தது. ரொட்டி கல்லாகிவிடுமாம், சட்டைக்குள்ளே வைத்து இளக்கித்தான் தின்ன வேண்டுமாம். பூட்ஸைக் கழற்றினால் விறைத்துவிடும் என்று அதைப் போட்டுக்கொண்டே படுப்பார்களாம். பக்கத்தில் படுத்திருந்த ஒரு பையனுக்குக் குளிரில் கருகிப்போன கால்விரலை வெட்டி எடுத்துவிட்டார்களாம். நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் உங்கம்மா தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதையெல்லாம் தெரிந்துகொண்டாள்.

லீவு முடிந்து அவரை ரயிலேற்றிவிட்டு வந்தேன். உங்கம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, அதைப் புடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாந்தான் தெரிஞ்சிக்கினியே. இப்பவாவது மனசு ஆறிச்சா?" என்று கேட்டேன்.

அரிசியில் கிடந்த கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவன் அந்தப் படத்துல காட்டுனா மாதிரியே இருந்திருக்கக் கூடாதாங்க. நம்ம செஞ்சி மலையில, இஸ்திரி போட்ட சட்டையோட, பாட்டு பாடிக்கினு."