கொக்கி இல்லாத கொக்கு

என் சித்தப்பாவின் கல்யாணம் ஒரு கொக்கினால் கெட்டுப்போக இருந்தது. கொக்கு என்றால் நிஜக் கொக்கு இல்லை. பெண்ணையாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், பாரம் தூக்குவதற்கென்று ஒரு வண்டி வந்திருந்தது. ரப்பர் சக்கரங்களில் ஊர்ந்து வரும். நின்ற இடத்திலிருந்தே நீளமான இரும்புக் கழுத்தை நீட்டி, பெரிய பாறாங்கல்லைத் தூக்கி ஆற்றின் அந்தப் பக்கம் வைத்துவிடும். கிரேன் என்று இன்ஜினீயர்கள் சொன்னார்கள். வேலைக்குப் போன எங்கள் பக்கத்து ஜனங்கள் அதன் கழுத்தைப் பார்த்துக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கும் அங்கேதான் வேலை. அங்கேயே கொட்டகையில் தங்கி, வார விடுமுறைக்குக் குருபரப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வருவார். கொக்கு ரிப்பேர் என்று நடுவாரத்தில் வந்து நிற்பதும் உண்டு. அம்மா முகம் சுளிக்காமல் களிக்கு இன்னொரு பிடி மாவு கூடப் போடுவாள்.

அந்தச் சமயத்தில் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு வாங்கப் போன அப்பா, சித்தப்பாவையும் கூட்டிப்போனார். அப்பா மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா மாட்டுக்காரரின் மகளைப் பார்த்திருக்கிறார். மாடு சுமார்தான் என்று அப்பா கடைசி வரை குறைபட்டுக்கொண்டார். சித்தப்பா குறை எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்ப்பார். என்ன விஷயம் என்பதை அம்மாதான் முதலில் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னாள்.

பெண் வீடு ஜவளகிரி. எங்கள் சனம்தான் என்றாலும் வீட்டில் பேசுவது கன்னடம். அப்பா ஒரு சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்பினார். சும்மா சொல்லி அனுப்பியிருக்கலாம். தம்பிக்குக் கொஞ்சம் பெருமை சேர்க்க வேண்டும் என்று, என் தம்பி அணையில் கொக்கு ஓட்டுகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொந்தக்காரர் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கன்னடத்தில் இறக்கி வைத்தார். ஜவளகிரியில் கொக்கு என்றால் பறவைதான், ஓட்டுவது என்றால் விரட்டுவதுதான். வயலில் கொக்கு விரட்டிப் பிழைக்கிறவனுக்குப் பெண் கொடுக்கிற அளவுக்கு நாங்கள் நொடித்துப்போகவில்லை என்று பதில் வந்தது.

அதைக் கேட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா கோபத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் யோசித்தார். அணை வேலை நடக்கிற இடத்துக்குள் வெளி ஆட்களை விடமாட்டார்கள். ஆகவே கொக்கை ஜவளகிரிக்காரர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அதை வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படித்தான் எங்கள் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கு வளர ஆரம்பித்தது. எனக்கு அப்போது ஏழு வயதோ எட்டு வயதோ. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் ஓடுவேன். உடம்புக்கு, சாமான் வந்த பெட்டிப் பலகை. ஆள் உட்காருகிற அறைக்கு பிஸ்கட் டப்பாத் தகரம், அதில் ஜன்னல் வேறு வெட்டியிருந்தார். சக்கரங்களைத் தேய்ந்த டயர்ச் செருப்பிலிருந்து வட்டமாக நறுக்கினார். கழுத்துக்குத்தான் எங்கள் வீட்டின் ஒரே குடையைப் பிரித்தார். குடைக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டி, நிஜக் கொக்கின் கழுத்தில் இருப்பது போலவே ஏணி ஏணியாக அமைத்தார். அந்த மழைக்காலம் முழுக்க அப்பா கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனது இதனால்தான்.

அளவு விஷயத்தில் சித்தப்பா பெரிய கறார்ப் பேர்வழி. நிஜக் கொக்கில் ஒரு முழம் இருந்தால் இதில் ஒரு விரற்கடை. ஒவ்வொரு வாரமும் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்துகொண்டு வருவார். நான் பின்னாலேயே என் விரலை வைத்து அளந்து பார்ப்பேன். எனக்கு எல்லாமே கூடுதலாக வந்தது. தப்பு, தப்பு என்று கத்தினேன். அவர் என் விரலைப் பிடித்துத் தன் விரலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சிரித்தார்.

கடைசியில் அது எழுந்து நின்றபோது நான் அசந்துபோனேன். பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றினால் நூல் சுருண்டு கழுத்து மேலே எழும்பும். இன்னொன்றைச் சுற்றினால் கழுத்தின் நுனியிலிருந்து ஒரு கயிறு கீழே இறங்கும். தகர அறையைத் தள்ளினால் சக்கரங்கள் அப்படியே இருக்க, மேல் பாதி மட்டும் கழுத்தோடு திரும்பும். பாரம் தூக்கும்போது முன்னால் கவிழாமல் இருக்கப் பின்பக்கத்தில் இரும்புத் துண்டுகளை அடைத்து வைத்திருந்தார். எனக்குப் புரியாதது ஒன்றுதான். கீழே இறங்குகிற கயிற்றின் நுனியில் வெறும் முடிச்சுதான் இருந்தது. அங்கே என்ன வரும் என்று கேட்டால், அது அப்புறம் என்பார். மறுவாரம் கேட்டாலும் அது அப்புறம்தான். நான் அந்த முடிச்சில் புளியங்காயைக் கட்டித் தூக்கி விளையாடினேன்.

கொக்கு முடிந்த சேதி ஜவளகிரிக்குப் போயிற்று. பெண்ணின் அப்பா வருவதாகச் சொன்னார். கூடவே பெண்ணின் தாய்மாமனும் வருகிறார் என்றார்கள். அவர் சம்மதித்தால்தான் வெற்றிலை பாக்கு மாற்ற முடியும். அவர் கோலார்ப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் ஆளையும் மண்ணையும் மேலே இழுக்கிற யந்திரத்தில் பல காலம் வேலை பார்த்தவராம். சக்கரம், கயிறு, பாரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி, அவரை ஏமாற்ற முடியாது என்று சொந்தக்காரர் எச்சரித்தார். ஏமாற்ற என்ன இருக்கிறது என்று அப்பா மார்தட்டினார். சித்தப்பா கொக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்து, நடுவில் கொக்கை வைத்தோம். பெண்ணின் அப்பாவுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. அந்த மாமா கன்னடத்தில்தான் பேசினார், அதுவும் அபூர்வமாகத்தான். அப்பாவுக்குக் கன்னடம் தெரியும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அதனால் மொழிபெயர்ப்பை யாரும் கேட்காமலே அவர் ஏற்றுக்கொண்டார்.

மாமா காப்பியைத் தொடவில்லை. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சக்கரங்களைப் பார்த்தார். கைப்பிடிகளைச் சுற்றினார், நிறுத்தினார், காதை வைத்துக் கேட்டார். கழுத்தில் ஒவ்வொரு கட்டாகத் தடவிக்கொண்டே போனார். கயிற்று நுனியை விரலால் இழுத்து இழுத்து, வண்டி கவிழ்கிறதா என்று பார்த்தார். கவிழவில்லை. நானும் எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கொக்கின் சக்கரங்களுக்கு நடுவே எங்கள் கண்கள் சந்தித்துக்கொண்டன. அவர் புருவத்தை மட்டும் தூக்கினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "எல்லா சரியாகிதெ. ஆதரெ கொக்கெ இல்லா."

முதல் பாதியைக் கேட்டு மலர்ந்த அப்பாவின் முகம் மறு பாதியில் சிவந்தது. எல்லாம் சரி, ஆனால் இது கொக்கு இல்லை என்கிறாரே. இத்தனை மாதம், ஒரு குடை, தம்பியின் தூக்கம் எல்லாவற்றையும் விழுங்கிய கொக்கு கொக்கே இல்லையா.

"கொக்கு இல்லேன்னா இது என்னா, காக்காயா?" என்றார் அப்பா.

மாமா இன்னொரு முறை கயிற்று நுனியைக் காட்டி அதையே சொன்னார். அப்பாவும் இன்னும் பலமாகக் காக்காயைச் சொன்னார். வீட்டுக்கு வந்தவர்களை இப்படியா பேசுவது என்று பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அம்மா வெற்றிலைத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பெண் கைநழுவிப் போகப்போகிறது என்பது எனக்கே புரிந்தது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அணையில் கன்னடக்காரர்களோடு கன்னடத்திலேயே வம்பளக்கிறவர் அவர். மாமா சொன்னது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும் வாயைத் திறக்காமல் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

பெண்ணின் அப்பா செருப்பில் காலை நுழைத்த பிறகுதான் அவர் குரல் வந்தது.

"அண்ணா, அவுரு கொக்குன்னு சொல்லல. கொக்கின்றாரு. கன்னடத்துல அது கொக்கெ. கொக்கி இல்லேன்றாரு. நெசந்தான், நான் வெக்கல."

அப்பாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவ்வளவுதானே, ஒரு ஆணியை வளைத்து மாட்டினால் ஆயிற்று என்றார். மாமா விடவில்லை. ஜன்னல் முதற்கொண்டு வெட்டத் தெரிந்தவன், இத்தனையும் எதற்காக இருக்கிறதோ அந்தக் கொக்கியை மட்டும் எப்படி மறந்தான் என்று கேட்டார். பெண்ணின் அப்பா அதைத் தமிழில் சொன்னார்.

"மறக்கலீங்க. கொக்கிய வெச்சா, பக்கத்துல யாரு நிக்கிறதுன்னு கேப்பீங்க. வண்டி ஓட்டறது வேற ஆளுங்க. நான் கீழ நின்னு கல்லுக்கு சங்கிலி போட்டு, கொக்கி மாட்டி, கை காட்டறவன்."

இதை அவர் அப்பாவைப் பார்க்காமல் சொன்னார். அப்பாவும் யாரையும் பார்க்கவில்லை. கொக்கு ஓட்டுகிறான் என்று சொல்லி அனுப்பியவர் அவர்தானே. அந்தப் பொய்யைத் திருத்தாமல் இருந்தது சித்தப்பா. பெண் போய்விடும் என்று தெரிந்தே அவர் இதைச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்கு இருந்ததெல்லாம் ஏமாற்றம்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சித்தப்பா கொக்கு ஓட்டுகிறார் என்று சொல்லி வைத்திருந்தேனே.

மாமா சித்தப்பாவைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவருடைய இரண்டு கைகளையும் இழுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கொக்கைப் பார்த்ததை விட நிதானமாக அந்தக் கைகளைப் பார்த்தார். புரட்டினார். ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே மறுபடியும் சுண்டு விரலிலிருந்து தொடங்கிக் கட்டை விரல் வரை வந்தார். ரேகை பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். சித்தப்பாவின் உள்ளங்கையில் காய்ப்புக்கு மேல் காய்ப்பாக இருந்ததே தவிர, ரேகை ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

கைகளை விட்டுவிட்டு அவர் பெண்ணின் அப்பாவிடம் திரும்பினார். "ஹத்தூ இதெ. கொடபஹுது" என்றார்.

பத்தும் இருக்கிறது, கொடுக்கலாம். இந்த முறை அப்பாவின் கன்னடம் அவரைக் கைவிடவில்லை. பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே என்று எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் அறிவித்தார். ஜாதகத்தைக்கூட இன்னும் எடுக்கவில்லையே, கையைப் பார்த்தே பத்தையும் சொல்லிவிட்டாரே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். பெண்ணின் அப்பா எங்களைத் திருத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தாள். சுரங்கத்து மாமாவுக்கு ஜோசியமும் தெரியும் என்று அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணம் தை மாதத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அணையிலிருந்து சித்தப்பாவின் கூட்டாளிகள் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். அவரைப் போலவே கீழே நின்று கொக்கி மாட்டுகிறவர்கள், எந்தெந்த ஊர்களிலோ எந்தெந்த வேலைகளிலோ பாரம் தூக்கிவிட்டு வந்தவர்கள். அட்சதைத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி கொடுப்பது என் பொறுப்பு. அவர்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். ஒருவருக்குச் சுண்டு விரல் இல்லை. அடுத்தவருக்கு இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. வயதான ஒருவருக்குக் கட்டை விரலே இல்லை. நான் போட்ட மஞ்சள் அரிசி அந்த இடைவெளிகளில் வழிந்து கீழே கொட்டியது. அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடியும் கையை நீட்டினார்கள், நான் மறுபடியும் போட்டேன்.

பக்கத்திலேயே அந்த மாமாவும் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சித்தப்பாவிடம் எண்ணிப் பார்த்தது எந்தப் பத்து என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும்போது இவர்கள் மட்டும் இப்படி அரிசியை வீணாக்குகிறார்களே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.