என் பெயருக்குச் சாட்சி சொல்ல வந்தவள்

சென்ற வருடம் கண்டியில் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் நடந்தது இது. ஆஸ்திரேலியாவில் எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பத்திரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறொரு பெயர். அதைச் சரிசெய்யத்தான் பதினான்கு வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வந்தேன்.

அப்பா, அம்மா இருவரும் இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அறைச் சாவி வாங்கியபோது பேசியதோடு சரி, மூன்று நாட்களாக யாரோடும் நான்கு வார்த்தை பேசவில்லை.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சட்டத்தரணி பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தார். "உங்கட சத்தியம் மட்டும் போதாது. இந்த ரெண்டு பெயரும் உங்கடதான்னு, சின்ன வயசுல இருந்து உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் சத்தியக்கடதாசியில சைன் வைக்கணும். யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து படியில் நின்று யோசித்தால், ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் கலஹா பஸ் ஏறி, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், நாங்கள் இருந்த வீட்டில் வேறு குடும்பம். அப்பாவின் பெயரைச் சொன்னேன், தெரியாது என்றார்கள். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. திரும்பி இறங்கும்போது, பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களில் ஒருத்தி நின்று என்னையே பார்த்தாள். சான்றிதழில் மட்டுமே மிஞ்சியிருக்கும் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஸ்கூல்ல சேந்த அன்னைக்கு டீச்சர் ஒம் பேர மாத்தி எழுதிட்டாங்கன்னு எப்புடி அழுத! நாந்தானே பக்கத்துல ஒக்காந்திருந்தேன்."

அழுதது எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் இருந்தவளைத்தான் ஞாபகம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாளாம். வந்த காரியத்தைச் சொன்னேன். "நாளைக்கு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாம ஒங்கூட வர்றேன்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் நான் மறுபடி தோட்டத்துக்குப் போக, பேராதனை வழியாகக் கண்டிக்கு ஒன்றாக வந்தோம். யார் கொழும்புக்குப் போனது, எந்த லயம் மண்சரிவில் போனது என்று வழி நெடுக அவள்தான் பேசினாள். அவள் பெயரைக் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன்.

சட்டத்தரணி பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவங்கட முழுப் பேர் என்ன?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் பெயரை நான் அதில்தான் படித்தேன். அதன் பிறகு, முப்பது வருடங்களுக்கு மேலாக என்னைத் தெரியும் என்று சத்தியம் செய்து, எழுத்துக் கூட்டி நிதானமாகக் கையெழுத்து வைத்தாள்.

பஸ் நிலையத்தில் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள்.

"நேத்தே தெரியும். 'இங்க பாரு, இங்க பாரு'ன்னுதானே கூப்பிட்டுக்கிட்டிருந்த."

ஆஸ்திரேலியா திரும்பி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. வேலை முடிந்து வந்து யாருமில்லாத வீட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது: என்னைத் தெரியும் என்று சொல்ல ஒருத்தி ஒரு நாள் வேலையை விட்டு வந்தாள், அவளைத் தெரியும் என்று சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இருக்கவில்லை.