வாளியில் சுற்றிய பைபர்

1. ஊர்வல நாள் போன்

விநாயகர் ஊர்வலத்தன்று எங்கள் ஆபீஸ் போன் அடித்தால் எடுக்கவே எனக்குப் பிடிக்காது. மும்பை தாராவியில் கேபிள் டிவி காலத்திலிருந்து லைன் வேலை பார்க்கிறேன். பெண்பிள்ளைக்கு ஏணி எதற்கு என்று கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நான்தான் ஏறி ஒயர் இழுத்தேன். அந்த நாளில் வருகிற போன் ஒன்றுகூட நல்ல செய்தியாக இருந்ததில்லை.

அந்த வருடம் பேசியவள் எஸ்தர். பக்கத்துச் சயானில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான கடைசி இன்டர்வியூ அவளுக்கு அன்று நாலு மணிக்கு, வீடியோவில். நெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"எக்கா, நெட் போயிட்டு. பெட்டியில சிவப்பு லைட்டு எரியுது."

"புதுசா இன்னொண்ணு மாட்டியிருக்கியே, அதுல பேசு."

"அது சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. ஆளு முகமே வரல."

அவள் வீட்டில் இரண்டு கனெக்‌ஷன். ஒன்று எங்கள் பைபர் ஒயர். இன்னொன்று, போட்டிக் கம்பெனிக்காரன் சுரேஷ் மாடியில் மாட்டிவிட்டுப் போன ஒயரில்லாப் பெட்டி. டவரிலிருந்து காற்றிலேயே வருவது. "தாராவியில ஒயரெல்லாம் கந்தல், ஏர்ல வாறதுதான் கெட்டி" என்று கல்லி கல்லியாக, ஒரு சந்து விடாமல் சொல்லி எங்கள் கஸ்டமர்களைக் கொத்திக்கொண்டிருந்தான். அவனைக் கண்டாலே எனக்கு எரியும். எஸ்தர் விவரமானவள். இன்டர்வியூ நேரத்தில் ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டையும் வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றாகப் போய்விட்டது.

2. மடக்கிக் கட்டியது

பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். எஸ்தர் இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா சலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருசமா இதுக்குத்தான் படிக்கா. இன்னிக்கு விட்டா மறுபடி எப்பக் கூப்பிடுவாவளோ."

வாசலில் சுரேஷ் போனும் கையுமாக நின்றான். "டவர் ஃபுல்லுக்கா. ஊர்வலத்துல அம்புட்டுப் பேரும் லைவ் விடுதாவ. நான் என்ன செய்ய?"

"ஏர்ல கூட்டம் வராதுன்னு நெனச்சியோ?" என்றேன். அந்த அவசரத்திலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசு என்று சொல்லவும் வழியில்லை. கல்லி முழுக்க அதே பைபர்தான். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். கல்லிக்குக் குறுக்கே போகும் எங்கள் பைபரை இழுத்து, நாலாக மடித்து, முதல் மாடி ஜன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

பிள்ளையார் வைக்கிற மண்டலின் தலைவர் பரமசிவம் அண்ணாச்சி சந்தோஷமாக வந்தார். "போன வருசம் ஒயரை அறுத்துட்டோம்னு ஏசினியள்லா. இந்தத் தடவை ஒண்ணையும் அறுக்கல. எப்படிக் கட்டியிருக்கோம் பாத்தியளா?"

பிள்ளையார் வருவதற்கு முன்னால் ஒயர்களை மூங்கிலால் தூக்கி மடக்கிக் கட்டுவது இங்கே வருடா வருடம் நடப்பதுதான். பழைய டிவி கேபிளுக்குள் இருப்பது செம்பு. எப்படி மடக்கினாலும் படம் வரும். பைபருக்குள் இருப்பது தலைமுடி போன்ற கண்ணாடி. அதில் ஓடுவது வெளிச்சம். வளைத்தால் பரவாயில்லை, மடித்தால் அந்த மடிப்பிலேயே வெளிச்சம் வழிந்து போய்விடும். அறுபடாமலே லைன் செத்துப்போகும். அக்கறையாகக் கட்டினார்கள், அந்த அக்கறைதான் கழுத்தை நெரித்துவிட்டது.

"அண்ணாச்சி, இதை அவுக்கணும்."

"அவுத்தா தொங்கும். பிள்ளையார் கிரீடத்துல மாட்டிக்கிடும். வண்டி முக்குல வந்துட்டு பாருங்க."

அவர் சொன்னதும் சரிதான். தொங்குகிற பைபர் கிரீடத்தில் மாட்டினால் ஒன்று கிரீடம் போகும், இல்லை கல்லி மொத்தத்துக்கும் நெட் போகும். வண்டி தாண்டும் வரை காத்திருந்தால் எஸ்தரின் நாலு மணி போய்விடும்.

உயரத்திலேயே இருக்க வேண்டும், மடியவும் கூடாது. சுற்றிவைக்க உருண்டையாக ஏதாவது கிடைத்தால் போதும்.

"சலோமியக்கா, ஒரு பிளாஸ்டிக் வாளி குடுங்க."

தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு வாளியைக் கொடுத்தாள். சுரேஷ் தானாகவே வந்து ஏணியைப் பிடித்தான். ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். மடிப்புகளை விரலால் மெல்ல நீவிவிட்டேன். உள்ளே கண்ணாடி உடைந்திருந்தால் மெஷின் வைத்து ஒட்ட வேண்டும், அதற்கு நேரம் கிடையாது. தொய்வாக இருந்ததை வாளியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, வாளியை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.

"லைட்டு என்ன நிறம்?" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. சுரேஷ் ஏணியை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். வெளியே வந்து கையை ஆட்டினான்.

"பச்சைக்கா. பேச ஆரம்பிச்சிட்டா."

வண்டி வந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார். "மேளத்தை நிறுத்துங்கல. உள்ள பிள்ளை பரிச்சை எழுதுது."

அடுத்த முக்கு வரும் வரை ஒருத்தரும் மேளத்தைத் தொடவில்லை. வாளிக்குக் கீழே கிரீடம் உரசாமல் போனது. நான் ஏணியிலேயே நின்றேன். வீட்டுக்குள்ளிருந்து எஸ்தர் இங்கிலீஷில் பேசுவது கேட்டது. எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை என்பது தெரிந்தது. அழுதுவிட்டேன்.

3. எது உசத்தி

டிவி கேபிளா, பைபரா, ஏரா, எது உசத்தி என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஸ்பீடு பற்றி அவரவர் கம்பெனி நோட்டீஸிலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் கற்றது வேறு. அந்த ஒயர் எந்தக் கல்லி வழியாகப் போகிறது, அங்கே என்றைக்கு என்ன நடக்கும், யார் அதைத் தொடுவார்கள் என்று தெரியாமல் மாட்டினால் எதுவும் நிற்காது. இப்போது ஊர்வலத்துக்கு முந்தின நாளே நான் மண்டலுக்குப் போய்விடுகிறேன். பைபரை அவர்களோடு சேர்ந்து நானே கட்டுகிறேன்.

எஸ்தருக்கு வேலை கிடைத்தது. அவள் விமானம் ஏறிய பிறகு, சலோமிக்கு இரண்டு கனெக்‌ஷன் எதற்கு, ஒன்றை எடுத்துவிடலாம் என்று நானும் சுரேஷும் ஒரே நாளில் போய் நின்றோம். அவன் தன் பெட்டியின் பெருமையைச் சொன்னான். நானும் விடவில்லை. சலோமி இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தெனமும் எம்பிள்ளை மொகத்தப் பாக்கணும். என் வாளியில எது இன்னும் சுத்திக் கெடக்கோ, அது இருக்கட்டும்."