சொட்டாத குழாய்

பெருமாள்மலையில் லாரி மெக்கானிக்காக இருந்த பிச்சை முகம்மதுவுக்கு எதிலும் கோபம்தான் முந்தும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு உருளைக்கிழங்கு லாரி ஏற்றத்தில் அடிக்கடி நின்றது. எஞ்சினுக்கு டீசல் இழுக்கும் பம்பைத் திறந்தால் டீசலோடு காற்றுக்குமிழி வந்தது. குழாயில் ஒரு சொட்டுக் கசிவில்லை.

"ஏலே சுப்புராஜ், டாங்கிய வத்தவிட்டுக் காத்த ஏத்திட்டியே!" என்று முதலாளி முன்னாலேயே டிரைவரைத் திட்டினார். சுப்புராஜுக்கு வேலை போனது.

புது டிரைவரிடமும் லாரி நின்றது. அப்போதுதான் பிச்சை முகம்மது எஞ்சினை ஓடவிட்டு, டாங்கியிலிருந்து வரும் குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவினார். ஓரிடத்தில் நுரை உள்ளே போனது. முடியளவு விரிசல். பம்பு இழுக்கும் குழாய் சொட்டாது, காற்றைத்தான் குடிக்கும். அவருக்குத் தெரியாததல்ல.

சுப்புராஜின் ஊரான பாச்சலூருக்கே போய் மன்னிப்புக் கேட்டார். தோட்டத்தில் கொத்திக்கொண்டிருந்த சுப்புராஜ் நிமிரவில்லை.

"இனி வண்டியத் தொடமாட்டேங்க பாய்."

இன்னொரு பாத்தியைக் கொத்தி முடித்துச் சுப்புராஜே கேட்டார்: "லாரி இப்ப நிக்காம ஏறுதாங்க?"