இஸ்திரியக்கா விட்டுப்போனவை

இஸ்திரியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார். குடை, சீப்பு, டிபன் பாக்ஸ் மூடி, ஒருமுறை கைக்கடிகாரம். பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன்.

"உங்க அக்கா வீட்டையே தவணை முறையில இங்க மாத்துறாங்களா?" என்பார் என் வீட்டுக்காரர்.

அக்காவிடம் கேட்டால், "சும்மா வந்தா உன் புருஷன் முறைப்பாரு. பொருளை எடுக்க வந்தேன்னா வாயைத் திறக்க முடியாதுல்ல?" என்பார்.

நாங்கள் இருவரும் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை பார்த்தோம். இஸ்திரி போடுவது அவர். பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து சேர்ப்போம். ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம்தான் பேசப் பழகினேன்.

முழங்கால் கெட்டு அவரால் நிற்க முடியாமல் போனது. கடல் தாண்டி இருக்கும் மகள், தன்னோடு வந்துவிடச் சொன்னாள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டார்.

புறப்படும் நாள் காலையில் பெட்டியோடு வந்தார். "பாஸ்போர்ட், டிக்கெட், கண்ணாடி" என்று கைப்பைக்குள் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் ஆறு மாதமாகத் தொங்கிய தன் குடையையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார். ஒன்றையும் விட்டுப்போகிற எண்ணம் அவருக்கு இல்லை.

அவர் முகம் கழுவப் போன நேரத்தில், பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன்.

"வர்றேன்டி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினார். தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நடுவழியில் விமானம் மாற வேண்டும். கண்ணாடி இல்லாமல் தன் கையெழுத்தே அவருக்குத் தெரியாது. எந்த வாசல், என்ன எண் என்று யாரைக் கேட்பார்? அவர் வழி தெரியாமல் எங்கோ நிற்பது கண்ணுக்குள் வந்துவிட்டது. கூட்டை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அவர் ஏறியிருந்த பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா! அக்கா!"

ஜன்னலில் தலை தெரிந்தது. "அடிப்பாவி, இத்தனை வருஷம் இந்தத் தொண்டையை எங்கடி வெச்சிருந்த?"

"கண்ணாடி... மறந்துட்டீங்க."

"நான் மறக்கலையே."

என் முகத்தையே பார்த்தார். நான் தலை குனிந்தேன். அவர் கூட்டை வாங்கி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கூட்டை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இது பையை அடைக்குது. நீயே வெச்சிரு."

"எடுக்க வருவீங்களாக்கா?"

பேருந்து நகர்ந்தது. "கீழ பாத்து நட. கால்ல ஒண்ணும் இல்ல பாரு" என்றார்.

மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுகிறோம். முழங்கால் தேறவில்லை. விரிப்பின் அந்தப் பக்கம் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். கூடு என் பீரோவில் இருக்கிறது. அக்கா வரவில்லை.