கொடியைத் திருப்பிக் கட்டும் வரை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சென்னைத் துறைமுகத்தில் நடந்தது இது. அன்று நான் செய்தது சரிதானா என்று என் சொந்தக்காரர்கள் இன்னும் விவாதித்துக் கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரி. என் மகள் ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்து வந்தாள். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாகச் சென்னைக்கு வந்திருப்பதாகவும், ஊழியர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம் என்றும் கம்பெனியில் ஆளுக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார்கள். "வர்றியா நைனா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். தயங்கியதற்குக் காரணம் உண்டு.

நான் இந்தியக் கடற்படையில் இருந்தவன். எங்களுடையது நெசவுக் குடும்பம்; தறிச் சத்தம் வேண்டாம் என்று பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்தேன். சிக்னல் பிரிவு. விளக்கை மினுக்கிச் செய்தி அனுப்புவது, கொடிகளை ஏற்றி இறக்குவது, எதிரே வரும் கப்பலின் கொடியைத் தூரத்திலேயே படிப்பது, இதுதான் வேலை. எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது எனக்குப் பத்தொன்பது வயது. வங்கக் கடலில் ஒரு சின்னக் கப்பலில் இருந்தேன். பாகிஸ்தானுக்கு ஆதரவாக அமெரிக்காவின் பெரிய கப்பல் படை ஒன்று, விமானம் தாங்கிக் கப்பலோடு, நம் கடலை நோக்கி வருகிறது என்று அப்போது செய்தி வந்தது. எங்கள் கேப்டன் ஒலிபெருக்கியில் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, நம் வேலையை நாம் பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார். கப்பல் திரும்பவில்லை. அந்தப் படை எங்கள் கண்ணில் படாமலேயே போரும் முடிந்தது. ஆனால் ஆறாத கோபம் ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. மகள் அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்தபோது ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவன் சரி என்றதும் அவளுக்கே ஆச்சரியம். எனக்குத் தோன்றியது இதுதான்: அன்றைக்குக் கண்ணில் படாத கப்பல் இன்றைக்கு வந்து நிற்கிறது. எதிரே போய் நின்று, நேருக்கு நேர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஸ்ரீ சிட்டியிலிருந்து கம்பெனி பஸ். துறைமுகத்துக்குள் சோதனை எல்லாம் முடிந்து இறங்கியபோது பத்து மணி இருக்கும். கப்பல் சாம்பல் நிறத்தில் ஒரு தெருவின் நீளத்துக்கு நின்றிருந்தது. நான் இருந்த கப்பலை அதன் பக்கத்தில் கட்டினால் படகு மாதிரிதான் தெரியும். அது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

கப்பலுக்கு ஏறும் படிக்கட்டுக்கு முன்னால் விருந்தினரை வரவேற்க ஒரு அலங்கார வளைவு. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் யாரோ வைத்தது. பூ, பலூன், இரு பக்கமும் இரண்டு கம்பங்கள். ஒன்றில் அமெரிக்கக் கொடி, இன்னொன்றில் நம் கொடி. ஆளாளுக்கு அங்கே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். பச்சை மேலே இருந்தது. காவி கீழே இருந்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். நான் நகரவில்லை.

"என்னாச்சு நைனா?"

"கொடி தலைகீழாக் கட்டிக்கீறானுங்க. பாரு."

அவள் பார்த்தாள். முகம் மாறியது. உடனே பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்களை அழைத்து வந்த கம்பெனி அதிகாரி அங்கே நின்றிருந்தார். என் மகள் அப்போது ஒப்பந்த ஊழியர்தான். அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அடுத்த மாதம் முடிவெடுக்கப் போகிறவர் அவர்தான். இது எனக்கும் தெரியும்.

நான் அவரைக் கூப்பிட்டுக் கொடியைக் காட்டினேன். திருப்பதிக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து, பெரியவரே என்று மரியாதையாகத்தான் பேசினார். "பெத்தாயனா, இது ஈவென்ட்காரங்க பண்ண தப்பு. நான் அப்பறமா சொல்றேன். நீங்க லைன்ல போங்க."

"இப்பவே சொல்லுங்க. ரெண்டு நிமிசத்து வேல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "காலையிலயே பெரியவங்க எல்லாம் வந்து இங்க நின்னு போட்டோ எடுத்துட்டாங்க. இப்ப மாத்தினா தப்புன்னு நாமளே காட்டிக்கிற மாதிரி ஆயிடும். யாரும் கவனிக்கல. விட்டுடுங்க."

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. யாரும் கவனிக்கவில்லையாம். கொடியைக் கவனிப்பதற்காகவே பதினைந்து வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

"அத திருப்பிக் கட்ற வரைக்கும் நான் ஒரு அடி எடுத்து வெக்கறதா இல்ல," என்றேன். படிக்கட்டுக்குப் போகும் வழி குறுகல். இரண்டு பக்கமும் கயிறு. நான் நின்றால் யாரும் போக முடியாது. நின்றேன்.

பின்னால் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "பெருசு, வெயில்ல எங்கள ஏன் நிக்க வெச்சிக்கினு கீற?" என்று ஒரு குரல். பேர் வாங்கப் பார்க்கிறார் என்று இன்னொன்று. மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "கெஞ்சிக் கேக்கறேன் நைனா, வா. எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க." அவள் வேலை என்னால் போய்விடுமோ என்று எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. இருந்தும் நகரவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடம் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அதிகாரி இப்போது என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "உங்கப்பாவ கொஞ்சம் பாத்துக்கம்மா. நம்ம கம்பெனி மானம் போகுது."

என் மகள் ஒருமுறை கொடியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் முழங்கையை விட்டாள். "சார், எங்க நைனா சொல்றது கரெக்ட்டு சார். மாத்திடச் சொல்லுங்க," என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

வரிசை ஏன் நின்றுவிட்டது என்று பார்க்கக் கப்பலிலிருந்து ஒரு பெண் மாலுமி இறங்கி வந்தார். வெள்ளைச் சீருடை, என் பேத்தியை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். அதிகாரி முந்திக்கொண்டு, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று ஆங்கிலத்தில் சிரித்தார். கடற்படையில் கற்ற ஆங்கிலம் எனக்கு இன்னும் மிச்சம் இருந்தது. என் நாட்டுக் கொடி தலைகீழாக இருக்கிறது, கடலில் அதற்கு ஆபத்து, காப்பாற்றுங்கள் என்று அர்த்தம், எங்களை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அந்தப் பெண் மேலே பார்த்தார். கைபேசியை எடுத்து ஏதோ தேடி, நம் கொடியின் படத்தோடு ஒப்பிட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உடனே படியேறி ஓடினார். சரி, காவலரைக் கூட்டி வரப் போகிறார் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அவள் நிமிர்ந்து நின்றாள்.

அவர் திரும்பி வந்தபோது தோளில் ஒரு மடக்கு ஏணி இருந்தது. கம்பத்தின் பக்கத்தில் அதை விரித்து நிறுத்தினார். தானே ஏறப் போகிறார் என்று பார்த்தால், ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இது உங்கள் கொடி, நான் தொடுவது முறையாக இருக்காது, நீங்களே கட்டுகிறீர்களா என்று கேட்டார்.

அதிகாரி பதறிப்போய் யாரையோ கூப்பிட்டார். நான் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்திருந்தேன். எழுபதைத் தாண்டிய முழங்கால்கள். மூன்றாவது படியில் ஏணி ஆடியது. கீழே பார்த்தேன். ஒரு பக்கம் என் மகள், இன்னொரு பக்கம் அந்த அமெரிக்கப் பெண், இருவரும் முழு பலத்தோடு ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருடமாக நான் யார் மேல் கோபத்தை வளர்த்தேனோ, அந்த நாட்டுப் பெண்ணின் பிடியை நம்பித்தான் நான் அங்கே நின்றிருந்தேன். முடிச்சுகளை அவிழ்த்தேன். கொடியைத் திருப்பினேன். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

இறங்கியபோது யாரும் கைதட்டவில்லை. வரிசை சத்தமில்லாமல் நகர்ந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணே எங்களைக் கப்பலைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். மேல்தளத்தில் நின்றபோது என்னால் அடக்க முடியவில்லை. எழுபத்தொன்றில் உங்கள் படை எங்களை மிரட்ட வந்தபோது நான் இந்தக் கடலில்தான் இருந்தேன், நாங்கள் திரும்பி ஓடவில்லை என்றேன். அவர் சமாதானம் சொல்லவும் இல்லை, வாதாடவும் இல்லை. அப்போது உங்களுக்குப் பயமாக இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான். தெருவில், கல்யாண வீடுகளில், மகளின் பள்ளி விழாவில், எல்லா இடத்திலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இல்லவே இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அதே கடல் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக அந்தப் பொய் வரவில்லை. "வெரி மச்," என்றேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை, தொடுவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் படைதான் என்று நினைப்பேன் என்று அதையும் சொன்னேன். பக்கத்தில் என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது அன்றுதான் தெரியும்.

அவர் தலையசைத்துவிட்டு, "பட் யூ ஸ்டேய்ட்," என்றார், ஆனாலும் நின்றீர்களே என்று.

திரும்பும் பஸ்ஸில் அதிகாரி எங்கள் பக்கமே பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவள் பிரிவில் நான்கு பேருக்கு நிரந்தர ஆணை வந்தது. அவளுக்கு வரவில்லை. என்னால்தானே என்று கேட்டேன். "அதுக்கோசரம் நான் அழுதுக்கினு கீறேன்னு நெனச்சியா? வேற கம்பெனியே இல்லியா இங்க?" என்று எரிந்து விழுந்தாள். ஏழு மாதம் கழித்து அதே ஸ்ரீ சிட்டியில் வேறு ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். அந்த ஏழு மாதமும் வீட்டில் சுலபமாக இல்லை.

இன்றும் யாராவது என்னிடம், பெரிய மனுஷன் நீங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருக்கலாமே என்பார்கள். பயமே இல்லாமல் எதிர்த்து நின்ற வீரன் என்று இப்போது நான் என்னைச் சொல்லிக்கொள்வதில்லை. அன்று கடலிலும், அந்தக் கொடியின் முன்னாலும், இரண்டு முறையும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் நின்றேன், நின்ற இடத்திலிருந்து மட்டும் நகரவில்லை, மூன்றாவது முறை வந்தாலும் நகர மாட்டேன்.