பெரியவள் ஏன் பேசவில்லை

"வியாழன். பெரியவள் இன்றும் பேசவில்லை. எல்லோரும் கேட்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தை மூன்று தடவை கிட்டத்தில் காட்டினார்கள். விளம்பரம் நான்கு முறை."

ஆறாம் வகுப்பில் படித்தபோது, கோடு போட்ட எண்பது பக்க நோட்டில் நான் எழுதிய குறிப்பு இது. ஓரத்தில் ரசம் பட்ட கறை இன்னும் மஞ்சளாக இருக்கிறது. முகர்ந்தால் பழைய காகித வாசனை மட்டும்தான் வருகிறது. கிழமை போட்டிருக்கிறேன், தேதி போடவில்லை, ஆண்டும் இல்லை. எங்கள் பக்கத்து ஏரிக்கரையை எந்த மாதம் மண்கொட்டிச் சமன்செய்தார்கள், எந்தத் தடத்துப் பேருந்து எப்போது நின்றுபோனது என்றெல்லாம் குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு, இந்த நோட்டு ஒன்றுதான் ஆறாத குறை.

அப்போது நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தோம். அம்மாவும், எங்களோடு இருந்த அவளுடைய தங்கை ஜோதி சித்தியும், ஒரகடம் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே 'லைனில்' உட்கார்ந்து, பச்சைப் பலகைகளில் கடுகளவு பாகங்களைப் பொருத்தும் வேலை பார்த்தார்கள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் 'செகண்டு ஷிப்ட்'. செகண்டு ஷிப்ட் வாரத்தில் மதியம் இரண்டேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், ஏழரை மணி சீரியல் ஒரு நாள்கூடப் பார்க்கக் கிடைக்காது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் நான். தினமும் பார்த்து எழுதிவைக்க வேண்டும். காலையில் அம்மா படிப்பாள், மதியம் நோட்டு பஸ்ஸில் இருக்கை இருக்கையாகப் போகும்.

கதை சிக்கலானது அல்ல. ஒரு பெரிய வீட்டின் மாமனார் எழுதிவைத்த உயில் எரிந்துபோகிறது. சாம்பல் மூத்த மருமகளின் அறையில் கிடக்கிறது. அவளைத்தான் பஸ்ஸில் எல்லோரும் 'பெரியவ' என்றார்கள். யார் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. நடந்ததை எழுதுவது மட்டுமே என் வேலை. ஏன் நடந்தது என்பதை பஸ் பார்த்துக்கொண்டது. நோட்டு திரும்பி வரும்போது ஓரங்களில் பென்சில் கிறுக்கல்கள் இருக்கும்: "மாமியார காப்பாத்துறா." "கொழுந்தன் மேல டவுட்டு." "கண்ண பாரு, அழுத கண்ணு இல்ல அது."

ஒரு சனிக்கிழமை அம்மாவோடு நானும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். சித்தியோடு ஒரே லாக்கரைப் பகிர்ந்துகொண்ட மல்லிகா அக்கா, என்னைப் பார்த்ததும், "வாம்மா ரைட்டரு, நேத்து சீக்கிரம் முடிச்சிட்டியே, கை வலிச்சிதா?" என்றாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொன்னாள்: "எழுதி வெச்சிக்கோ, அவ மாமியாரத்தான் காப்பாத்திகினு கீறா."

"உங்க மாமியார நீ காப்பாத்துவியாக்கா?" என்றாள் சித்தி.

"எங்க மாமியாரா? அது என்னை வுட்டா போதாதா."

சிரிப்பு அடங்கியபின் சித்தி சொன்னாள்: "அவ யாரையும் காப்பாத்தலக்கா. பேசனா மட்டும் நம்பிடுவாங்களா இன்னா? அதான் வாய மூடிகினு கீறா."

"போடி, அதுக்கு யாருனா இத்தினி வாரம் சீரியல் எடுப்பானா?" என்றாள் அம்மா. பஸ் வந்துவிட்டது.

அடுத்த செகண்டு ஷிப்ட் வாரத்தில், புதன்கிழமை, சீரியல் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போனது. ஊரே இருட்டு. ஷேர் ஆட்டோ ஓட்டிய அப்பா சவாரியில் இருந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எட்டு மணிவரை காத்திருந்தேன். வெற்றுப் பக்கத்தை பஸ்ஸில் கொடுப்பது, அந்த வயதில், தேர்வில் ஒன்றும் எழுதாமல் தாளைக் கொடுப்பதுபோல் இருந்தது. இவ்வளவு நாளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு பதில் எழுதினால் சந்தோஷப்படுவார்கள் என்றும் தோன்றியது. எழுதினேன்: "புதன். பெரியவள்தான் எரித்தாள். அவளே கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொண்டாள். அதனால்தான் பேசவில்லை."

காலையில் அதைப் படித்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "நெஜமாவா? நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப இத்தினி நாளா நம்மள ஏமாத்திகினு இருந்தாளா அவ?" என்றாள், சொந்தக்காரி ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல. வெள்ளிக்கிழமை காலை நோட்டைப் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் பென்சில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. "நடிப்பு." "கம்முனு இருக்கிறவளதான் நம்பக் கூடாது." மல்லிகா அக்காவின் சாய்ந்த எழுத்தில்: "என் புத்திய செருப்பால அடிக்கணும்." வியாழன், வெள்ளிப் பாகங்களை எழுதும்போது பெரியவளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினேன்.

அந்த வாரம்தான் லைனில் அது நடந்தது. உள்ளே போகும்போது வளையல், கம்மல், செயின் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். மல்லிகா அக்காவின் கம்மலில் ஒன்றைக் காணவில்லை. லாக்கரின் இன்னொரு சாவி சித்தியிடம் இருந்தது. சூப்பர்வைசர் டீ இடைவேளையில் எல்லோரையும் நிறுத்திவைத்து விசாரித்தாராம். சித்தி ஒரு தடவை "நான் எடுக்கல சார்" என்றாள்; அதற்குமேல் என்ன கேட்டும் தலை நிமிரவில்லை. அதற்கு முந்திய இடைவேளையில், கம்மல் போன நேரத்தில், அவள் லாக்கர் பக்கமே போகாமல் அம்மாவுக்கும் மல்லிகா அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதை யாராவது ஒருவர் சொன்னால் போதும், அவள் வேலை தங்கும். யாரும் சொல்லவில்லை. "உங்க தங்கச்சிதானே, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று அம்மாவைக் கேட்டபோது, அம்மா, "எனக்குத் தெரியாது சார்" என்றாள். சித்திக்கு வேலை போனது.

இதெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, வல்லக்கோட்டைக் கோயிலில் கிருத்திகை வரிசையில் நின்றபோது மல்லிகா அக்கா சொல்லித் தெரிந்தது. "ஒரு வார்த்த அழுது கிழுது பேசியிருந்தா நாங்களும் பேசியிருப்போம்மா. கல்லு மாதிரி நின்னா இன்னானு நெனைக்கிறது?" கம்மல் கடைசிவரை கிடைக்கவில்லை என்றாள்.

நான் நேரில் பார்த்தது அந்த வார ஞாயிற்றுக்கிழமையை மட்டும். சித்தி துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சித்தி கேட்டாள்: "அந்த நேரத்துல நான் உன் பக்கத்துலதானக்கா ஒக்காந்துகினு இருந்தேன்?" அம்மா ஒரு தண்டைக் கிள்ளினாள், இன்னொரு தண்டைக் கிள்ளினாள். சித்தி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாளிலிருந்து காலை ஷிப்ட். மாலை ஏழரைக்கு அம்மா டிவி முன் உட்கார்ந்தாள். திரையில் அந்த வீட்டார், உயிலை எரித்தது யார் என்று அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ பார்த்தேன்னு சொன்னியே."

"கரண்ட் போயிடுச்சும்மா."

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதன்பிறகு நோட்டை யாரும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து, எரித்தது மாமியார்தான் என்று கதையில் தெரியவந்தபோது அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

சித்தி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்வி. எங்களிடம் இருக்கும் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அம்மாவுக்கு வேலை நின்றுவிட்டது. பஸ் நின்ற இடத்தில் ஒரு கிடங்கின் மதில். வல்லம் வடகால் சாலையில் மாலை நேரத்தில் கம்பெனி பஸ்கள் என்னைக் கடந்து போகின்றன. உள்ளே ஒவ்வொரு பெண்ணும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, விட்டுப்போன பாகத்தைத் தன் கைப்பேசியில் தானே பார்க்கிறாள். எந்தக் குழந்தையும் பொய் எழுதத் தேவையில்லை. யாரோ ஒருத்தி ஏன் பேசவில்லை என்று ஒருவரும் இன்னொருவரைக் கேட்பதும் இல்லை.

அந்த விசாரணை எந்தக் கிழமையில் நடந்தது என்று அம்மாவை இரண்டு தடவை கேட்டேன். "என்னிக்கோ. இப்ப இன்னா அதுக்கு?" என்றாள். மல்லிகா அக்கா ஒருமுறை செவ்வாய் என்றாள், இன்னொருமுறை வெள்ளி என்றாள். தொழிற்சாலை கைமாறிவிட்டது, பழைய பதிவேடுகள் இல்லை என்கிறார்கள். செவ்வாய் என்றால் நான் அந்தப் பக்கத்தை அப்போது எழுதியிருக்கவே இல்லை. வெள்ளி என்றால் லைனில் எல்லோரும் அதைப் படித்து முடித்திருந்தார்கள். இரண்டில் எது என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.